கலந்துரையாடலும் புள்ளியும்: உயர்கல்வித் தமிழிலக்கிய வகுப்புகளை முன்வைத்துச் சில சிந்தனைகள்

முன்னுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உயர்கல்வி நிலையில் தமிழிலக்கியம் பயிலும் மாணவர்க்குக் கலந்துரையாடல் இன்று புதியதன்று. விரிவுரைக்குப் பின் நடைபெறும் டியூட்டோரியல் வகுப்பில் மாணவர் சிறு குழுக்களாக அமர்ந்து ஒரு நூற்பகுதியைப் பற்றிப் பேசுவதும், அப்பேச்சுக்குத் தொடர்மதிப்பீட்டில் ஒரு பங்கு புள்ளி ஒதுக்கப்படுவதும் வழக்கமாகிவிட்டன. மலேசியாவில் 2006 இல் உயர்கல்வி அமைச்சு மென்திறன்களை வலியுறுத்தியமையும், 2007 இல் மலேசியத் தகுதி முகமை அமைந்தபின் ஒவ்வொரு பாடமும் தன் கற்றல் அடைவுகளை எழுத்தில் வரையறுத்துக் காட்ட வேண்டியதாயினமையும் இவ்வழக்கத்தை நிலைபெறச் செய்தன. தொடர்புத்திறன், குழுவாகச் செயற்படல் ஆகியவற்றை அளந்து காட்ட வேண்டிய விரிவுரையாளர்க்குக் கலந்துரையாடல் கைக்கெட்டிய கருவியாயிற்று.

கருவி கைக்கு வந்த வேகத்தில், அது எதனை அளக்கிறது என்னும் வினா பின்தங்கிவிட்டது. கலந்துரையாடலுக்கென நாம் வழங்கும் புள்ளி பெரும்பாலும் மேடைப்பேச்சுக்கே சென்று சேர்கிறது என்பதும், அதன் விளைவாகக் கலந்துரையாடல் என்பதே வகுப்பறையில் குன்றிவருகிறது என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்து. இது பிறரைக் குறைகூற எழுந்ததன்று. ஈண்டுக் குறை காணப்படும் மதிப்பீட்டுப் படிவம் இக்கட்டுரையாளரே வடிவமைத்துப் பல பருவங்கள் பயன்படுத்திய ஒன்று.

படிவம் அளந்தது

அப்படிவத்தில் மொத்தம் 15 புள்ளி. மொழித்தூய்மை, குரலும் உச்சரிப்பும், தன்னம்பிக்கை, கருத்துத் தெளிவு, பங்கேற்பு என ஐந்து கூறுகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி. பார்வைக்குச் செம்மையான அமைப்புத்தான். பாடக்குழுவும் எவ்வினாவும் எழுப்பாமல் அதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் இவ்வைந்து கூறுகளுள் ஒன்றேனும் மற்றொரு மனிதர் அவ்வறையில் இருக்க வேண்டும் என்பதை வேண்டி நிற்கவில்லை. ஆளில்லாத அறையில் நின்று பேசும் மாணவரும் இப்படிவத்தின்படி முழுப்புள்ளி பெறலாம். 'பங்கேற்பு' என்ற கூறும் எத்தனை முறை பேசினார் என்ற எண்ணிக்கையாகவே நடைமுறையில் சுருங்கிற்று. மூன்று முறை பேசினால் மூன்று புள்ளி என்பதை மாணவர் இரண்டாம் வாரத்திலேயே கண்டுகொண்டனர். அதன்பின் ஒவ்வொருவரும் மூன்று துண்டுத்தாள்களோடு வந்தனர். ஒருவர் தம் தாளைப் படித்து முடித்ததும் அடுத்தவர் தம் தாளைப் படிப்பார். முன்னவர் கூறியதற்கும் பின்னவர் கூறியதற்கும் தொடர்பு இருப்பதில்லை.

ஒரு வகுப்பை மட்டும் ஈண்டுச் சற்று விரிவாகக் குறிப்பிட வேண்டும். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை அன்றைய பகுதி. கோவலன் கொலைக்குப் பொறுப்பு அரசனா, பொற்கொல்லனா, ஊழா என்பது வினா. ஆறு மாணவர் மூன்று அணிகளாயினர். ஊழின் பக்கம் நின்ற மாணவர் ஒருவர் அழகிய செந்தமிழில், ஏற்ற இறக்கத்தோடு, ஐந்து நிமிடம் பேசினார். பேசியது அனைத்தும் மேனிலைப்பள்ளிக் குறிப்பேட்டில் இருப்பதே. எனினும் கேட்க இனிமையாக இருந்தது. இறுதிவரை பேசாதிருந்த மாணவி ஒருவர், வகுப்பு முடியும் தறுவாயில், பேச்சுத்தமிழில் ஒன்று கேட்டார்: "ராஜா 'ஆகில்'னு தானே சொன்னாரு? அப்ப, அது அரசியோட சிலம்புதானான்னு யாரு சார் பாத்தது?" ஒருவரும் விடை கூறவில்லை. நேரம் முடிந்ததால் இக்கட்டுரையாளரும் அதனைத் தொடரவில்லை. படிவம் செந்தமிழில் பேசியவர்க்கு 13 புள்ளியும் அம்மாணவிக்கு 5 புள்ளியும் வழங்கிற்று.

அடுத்த பருவத்தில் அதே காதையை மீண்டும் படிக்கும்போதுதான் அவ்வினாவின் ஆழம் புலனாயிற்று. பாண்டியனின் ஆணை வெறும் கொலையாணையன்று; தேவியின் சிலம்பு கள்வனின் கையில் இருக்குமாயின் என்ற நிபந்தனையோடு கூடியது. அந்நிபந்தனையைச் சோதித்தறிய வேண்டிய கடமை யாருடையது என்பதைக் காதை சொல்லாமலேயே காட்டுகிறது. அவ்விடத்தில் ஒரு சிறு கலந்துரையாடலே நிகழ்கின்றது. காவலர் கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரிய கள்வனாகத் தோன்றவில்லை என்கின்றனர். பொற்கொல்லன் நகைக்கிறான், கள்வர் நம்பிவாழும் துணைகள் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு என்று அடுக்கி உரைக்கிறான், முன்னர் நிகழ்ந்த களவொன்றையும் கதையாகச் சொல்கிறான். இளைய காவலன் ஒருவன் மழையிரவொன்றில் கள்வனிடம் தான் பட்ட பாட்டைக் கூறிக் கள்வரின் திறத்தை அஞ்சுகிறான். இனிச் செய்யத்தக்கது யாது என்றும் வினவுகிறான். அவ்வினாவுக்கு எவரும் விடை கூறவில்லை. கல்வியறிவற்ற களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான்.

இக்காட்சியை நம் படிவம் கொண்டு மதிப்பிட்டால் பொற்கொல்லனுக்கு முழுப்புள்ளி கிடைக்கும். மொழி வளம் உண்டு. தன்னம்பிக்கை நகைப்பிலேயே தெரிகிறது. கருத்துகள் எண்ணிட்டு வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அதிகம் பேசியவனும் அவனே. ஐயுற்ற காவலர் ஒரே ஒருமுறை, சில சொற்களில் பேசினர். அவர்களின் ஐயத்தை யாரேனும் எடுத்துத் தொடர்ந்திருந்தால் சிலம்பு அரண்மனைக்குச் சென்று ஒப்பிடப்பட்டிருக்கும். காப்பியம் இந்நிகழ்வுக்கு ஊழைக் காரணமாக்குவது உண்மை. ஆயினும் ஊழ் செயற்பட்ட வழி, சொல்வல்லான் ஒருவனின் பேச்சு மற்றவரின் ஐயத்தை அடக்கிய வழியேயாகும். அம்மாணவி தொட்ட இடம் அதுவே. அவர்க்குக் கிடைத்தது 5 புள்ளி.

மரபில் உள்ளது

கலந்துரையாடல் மேலைநாட்டுக் கல்வியியலிலிருந்து நமக்கு இறக்குமதியானது என்ற எண்ணம் ஆசிரியரிடையே பரவலாக உண்டு. நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் பாடமாக நடத்துகின்ற நாமே அவ்வாறு எண்ணுவது வியப்புக்குரியது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்பது பவணந்தியாரின் கணக்கு. வினாவுதலையும் வினாவியவற்றுக்கு விடைதருதலையும் அந்நூல் மாணவனின் கடமைகளாக வைக்கிறது. திருக்குறளில் 'கேள்வி' 42 ஆம் அதிகாரம், 'அவையறிதல்' 72, 'அவையஞ்சாமை' 73. நம் படிவத்தின் தன்னம்பிக்கைக் கூறு அவையஞ்சாமையை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னுள்ள இரண்டையும் விட்டுவிட்டது.

பட்டிமண்டபமும் பழையதே. மணிமேகலையில் சமயவாதிகள் ஏறும் பட்டிமண்டபம் பேசப்படுகிறது; சிலப்பதிகாரத்தில் மகத மன்னன் சோழனுக்குக் கொடுத்த பட்டிமண்டபம் பேசப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த பட்டிமன்றம் தமிழர் வாழும் நாடுகளிலெல்லாம் மக்களை இலக்கியத்தின்பால் ஈர்த்தது. அதன் பயனை மறுப்பதற்கில்லை. எனினும் அதன் அமைப்பு வகுப்பறைக்குள் நுழையும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. பட்டிமன்றத்தில் பேச்சாளர் தம் அணியை விட்டு மாறக்கூடாது. எதிரணியின் கருத்தில் உண்மை கண்டாலும் அதனை ஒப்புக்கொள்ளக்கூடாது. முடிவுகூறும் பொறுப்பு நடுவருடையது; பேசுவோருடையதன்று. அரசனா, பொற்கொல்லனா, ஊழா என்ற நம் வினா உண்மையில் ஒரு பட்டிமன்றத் தலைப்பேயன்றிக் கலந்துரையாடல் வினாவன்று. ஆறு மாணவரும் மூன்று அணியாகப் பிரிந்தமைக்கு அவர்களைக் குறைகூறிப் பயனில்லை.

மேலை ஆய்வுகளும் வேறொரு வழியால் இவ்விடத்திற்கே வருகின்றன. ஆசிரியர் வினவ, மாணவர் விடைகூற, ஆசிரியர் அதனை மதிப்பிடுதல் என்னும் முப்படி அமைப்பே வகுப்பறைப் பேச்சின் இயல்பான வடிவமாகிவிட்டதை 1979 இல் ஹியூ மெஹன் விளக்கினார். தொடக்கநிலை அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, வினவியபின் ஆசிரியர் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடியளவே என்றும், அதனை மூன்று நொடிக்கு மேல் நீட்டித்தால் மாணவரின் விடை நீள்வதோடு ஒருவர் கருத்தை மற்றவர் ஒப்புநோக்கிப் பேசுவதும் மிகுவதாகவும் கண்டார். இக்கட்டுரையாளர் தம் வகுப்பில் கைக்கடிகாரத்தைப் பார்த்தவாறு மூன்று நொடி காத்திருக்க முயன்றதுண்டு. அது மிக நீண்ட நேரம் என்பதைச் செய்துபார்த்தவரே அறிவர்.

எந்தத் தமிழில் பேசுவது?

தமிழ் வகுப்பில் இச்சிக்கலுக்கு வேறு மொழி வகுப்புகளில் இவ்வளவு கூர்மையாக இல்லாத ஒரு பரிமாணம் உண்டு. அது எழுத்துத்தமிழ், பேச்சுத்தமிழ் என்னும் இரட்டை வழக்கு. 1976 இல் டக்ளஸ் பார்ன்ஸ் மாணவர் பேச்சை இருவகையாகப் பிரித்தார். ஒன்று, தேடிப் பார்க்கும் பேச்சு: தயங்கும், தொடர் முடியாமல் நிற்கும், திருத்திக்கொள்ளும். மற்றொன்று, முடிந்த வடிவத்தில் படைக்கும் பேச்சு. முதலாவது சிந்திப்பதற்கு; இரண்டாவது சிந்தித்ததைக் காட்டுவதற்கு. தேடிப் பார்க்கும் பேச்சு தமிழ் மாணவர்க்குப் பேச்சுத்தமிழிலேயே இயல்பாக வரும். செந்தமிழில் தயங்குவதற்கு மாணவரைப் பழக்கியதில்லை. செந்தமிழ் என்றாலே மனப்பாடம் செய்து ஒப்புவிப்பது என்றே பள்ளிப் பருவ மேடைப்போட்டிகள் அவர்களைப் பழக்கிவிட்டன. ஆகவே 'மொழித்தூய்மை' என்ற கூறுக்கு மூன்று புள்ளி வைத்த அன்றே தேடிப் பார்க்கும் பேச்சை நாம் வகுப்பறையிலிருந்து விலக்கிவிட்டோம்.

இதனைக் கூறும்போது எதிர்ப்பு எழும் என்பதை அறிவோம். பல்கலைக்கழகத் தமிழ்த்துறை செந்தமிழைக் காக்காவிடின் வேறு யார் காப்பார் என்று மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியே. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த மாணவரும், இடைநிலைப்பள்ளியில் தமிழ் பயில வாய்ப்புக் குறைந்த மாணவரும், வீட்டில் ஆங்கிலமே பேசும் சிங்கப்பூர் மாணவரும் எழுத்துத்தமிழ் வளம் பெற வேண்டிய இடம் பல்கலைக்கழகமே. எனினும் அவ்வளத்தைச் சோதிக்கக் கட்டுரை உண்டு, வாய்மொழிப் படைப்பு உண்டு, தேர்வு உண்டு. கலந்துரையாடலிலும் அதனையே சோதித்தால், அது சோதிக்கக்கூடிய வேறொன்றை இழக்கிறோம். சிங்கப்பூரில் 2005 ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல் மறுஆய்வு, பள்ளி வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்றது. பள்ளியில் கிடைத்த இடம் பல்கலைக்கழகத்தில் பறிபோவது முரண்.

வினாவை வேறுவகையில் அமைத்தல்

கொலைக்களக் காதைக்கே மீண்டும் வருவோம். அடுத்த பருவத்தில் வினா மாற்றப்பட்டது. ஆறு பேர் கொண்ட குழுவில் இருவர் அரசனின் ஆணை வரும் பகுதியையும், இருவர் பொற்கொல்லனின் பேச்சையும், இருவர் காவலரின் கூற்றுகளையும் மட்டும் ஆழ்ந்து படித்துவர வேண்டும். வகுப்பில் வினா ஒன்றே: இக்கொலை எவ்விடத்தில் தடுக்கப்பட்டிருக்கக் கூடும்? நூலிலிருந்து அவ்விடத்தைச் சுட்டுக. ஒவ்வொருவரிடமும் மற்றவரிடம் இல்லாத செய்தி ஒன்று இருந்ததால், கேளாமல் எவரும் விடைகூற இயலவில்லை. ஆணையைப் படித்தவர் நிபந்தனையைச் சொன்னார். காவலரைப் படித்தவர் அந்நிபந்தனை சோதிக்கப்படவே இல்லை என்றார். அரசன் அரசியின் ஊடலைத் தணிக்கச் செல்லும் அவசரத்தில் இருந்ததை ஒருவர் நினைவூட்டினார். எல்லாக் குழுக்களும் இவ்வாறு சென்றன எனக் கூறிவிட முடியாது. ஒரு குழு பத்து நிமிடத்தில் "ஊழ்தான்" என்று முடித்துவிட்டு நோன்புப் பெருநாள் விடுமுறையைப் பற்றிப் பேசியது.

இம்முயற்சியிலிருந்து தெளிவானது, கலந்துரையாடலின் தரம் பெரும்பகுதி வினாவிலேயே தீர்மானிக்கப்பட்டு விடுகிறது என்பது. மாணவர் பேசவில்லை எனக் குறைப்படும் ஆசிரியர் முதலில் தாம் அமைத்த வினாவை நோக்க வேண்டும். குறிப்பேட்டில் விடையிருக்கும் வினாவுக்குக் குறிப்பேடே பேசும்.

ஏழு மதமும் மதிப்பீடும்

இனி மதிப்பீடு. பொதுப்பாயிரம் நூலாசிரியர் கொள்ளும் ஏழு மதங்களைத் தொகுத்துரைக்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தான் ஒன்றை நாட்டி அதனை இறுதிவரை நிறுவுதல், இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறர் கருத்தோடு சாராது தன் கருத்தைக் கொள்ளுதல் என்பன அவை. இவை நூல் இயற்றுவார்க்குக் கூறப்பட்டவை. வகுப்பறைப் பேச்சுக்குக் கூறப்பட்டவை அல்ல. அவ்வேறுபாட்டை மறைத்து, பவணந்தியார் அன்றே மதிப்பீட்டுப் படிவம் தந்தார் எனப் பெருமை பேசுவது நமக்கு வேண்டா. ஆயினும் ஏழனுள் ஐந்து மதங்கள் பிறரைக் கேட்டாலன்றிக் கைக்கொள்ள இயலாதவை என்பது நோக்கத்தக்கது. நம் படிவத்தின் ஐந்து கூறுகளுள் அத்தகையது ஒன்றுமில்லை என முன்னர்க் கண்டோம்.

ஆகவே புதிய படிவத்தில் மாணவர் எத்தனை முறை பேசினார் என்பது நீக்கப்பட்டது. அவர் கூற்று யாருடைய கூற்றைத் தொட்டது, அதனை என்ன செய்தது என்பதே குறிக்கப்பட்டது. உடன்பட்டாரா, மறுத்தாரா, ஏற்று ஒரு பகுதியைக் களைந்தாரா, இருவர் கூறியவற்றை ஒப்புநோக்கி ஒன்றைத் துணிந்தாரா, புதிதாக ஒன்றை நாட்டினாரா. அதனோடு வினா எழுப்புதலையும் சேர்த்துக்கொண்டோம். உடன்படுதல் எளிது என்பதால் அதற்குக் காரணம் கூறினால் மட்டுமே புள்ளி. நூலிலிருந்து இடஞ்சுட்டும் கூற்றுக்குத் தனிக்குறி. அம்மாணவியின் அவ்வொற்றை வினா இப்படிவத்தில் உயர்ந்த இடம் பெற்றிருக்கும்.

இடர்ப்பாடுகள் பல. முதலாவது, நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் ஆறேழு குழுக்களின் பேச்சை ஓர் ஆசிரியர் ஒருங்கே கேட்டுக் குறிக்க இயலாது. ஒவ்வொரு வாரமும் ஒரு குழுவோடு மட்டும் அமர்ந்து குறிப்பதும், ஏனைய குழுக்களில் ஒரு மாணவரைப் பேசாமல் குறிப்பெடுப்பவராக அமர்த்துவதும் ஒருவாறு உதவின. குறிப்பெடுத்த மாணவர் பலர் அதன்பின் நன்கு கேட்கத் தொடங்கினர் என்பது எதிர்பாராத பயன். இரண்டாவது, மாணவர் இதனையும் விளையாடக் கற்றுக்கொள்வர். "நண்பர் கூறியதை ஏற்கிறேன், ஆயினும்" என்று தொடங்கி முன்பே எழுதிவந்ததைப் படிக்கும் புதிய கலை ஒன்று மூன்றாம் வாரத்திலேயே தோன்றிற்று. 'ஆயினும்' என்ற சொல் அவ்வகுப்பில் அவ்வளவு மலிந்ததில்லை. பவணந்தியார் கிளியை இடை மாணாக்கர்க்கு உவமையாக்கினார். எந்தப் படிவமும் கிளியை முற்றிலும் தடுத்துவிடாது.

மூன்றாவது இடர்ப்பாடு பேசாத மாணவரைப் பற்றியது. பேசாமை எல்லாம் அறியாமையன்று. பேசாமை எல்லாம் ஆழமுமன்று. அவர்க்கு வழிவகுக்க, 15 புள்ளியுள் 7 புள்ளி கலந்துரையாடலுக்குப் பின் வகுப்பிலேயே இருபது நிமிடத்தில் கையால் எழுதும் ஒரு பக்கத்துக்கு மாற்றப்பட்டது: இன்று யார் கூறிய எக்கருத்து உம் கருத்தை அசைத்தது, அல்லது ஏன் அசைக்கவில்லை? வீட்டில் எழுதிவரச் சொல்வதில்லை. 2022 இன் இறுதியிலிருந்து கட்டுரை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவிய பின்னர் அதில் பொருளில்லை. தம் குழுவில் இன்னார் இன்னது கூறினார் என்பதை அக்கருவி அறியாது என்ற நம்பிக்கையும் நெடுநாள் நிலைக்காது. கருத்து மாறியவர்க்கே மிகுதியான புள்ளி என்றால் எல்லாரும் மாறியதாக எழுதுவர். அதனால் மாற்றத்துக்குப் புள்ளியில்லை. மற்றவரின் கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும் வண்ணம் சரியாக எடுத்துரைத்தமைக்கே புள்ளி. அவ்வாறு எடுத்துரைக்கப்பட்டவரிடம் அப்பக்கத்தைக் காட்டிச் சரிதானா எனக் கேட்பதும் உண்டு. சில வேளைகளில் அவர் இல்லை என்பார். அங்கு மீண்டும் ஒரு பேச்சுத் தொடங்கும். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

நான்காவது, துறைக்கு வெளியே உள்ள மதிப்பீட்டாளர் சான்று கேட்பார். எழுதிய பக்கத்தைக் காட்டலாம். பேச்சை எவ்வாறு காட்டுவது? ஒலிப்பதிவு செய்துபார்த்தோம். பதிவுக்கருவி மேசையில் வைக்கப்பட்ட கணமே மாணவர் நிமிர்ந்து அமர்ந்து செந்தமிழுக்கு மாறினர். இரண்டு வாரத்தில் அக்கருவி எடுக்கப்பட்டது. இப்போது ஆசிரியரின் கைக்குறிப்பும் குறிப்பெடுத்த மாணவரின் தாளுமே சான்றாக இணைக்கப்படுகின்றன. அவை போதுமா என்பதைப் பற்றிப் பாடக்குழுவில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.